தடைக்காலத்தைக் குறிவைத்து ஒரு கொடுவா வளர்ப்பு

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான் சோறு போட்டது. விசைப்படகுப் பங்கை விற்றுவிட்டுக் கொடுவா மீன் வளர்க்கப் போகிறேன் என்றதும், "கடல்ல இருக்கிறத விட்டுட்டுக் குட்டையில மீன் வளர்க்கப் போறானாம்" என்று சித்தப்பா சிரித்தார். முதல் அறுவடை முடிந்துவிட்டது. எப்படி நடந்தது என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் கேள்வி, எங்கே? எண்ணூர் கழிமுகத்தில் மிதவைக் கூண்டு போட்டால் வீட்டுப் பக்கத்திலேயே வேலை. ஆனால் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயையும் பார்த்தவன் நான். கூண்டுக்குள் இருக்கும் மீன் எங்கே தப்பி ஓடும்? பழவேற்காடு ஏரியோரம் போகலாம் என்றால், ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை, மீன்வளர்ப்புத் தொழில் எதுவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. வில்லங்கம் இல்லாத இடம் தேடி, மீஞ்சூர் தாண்டி உப்புநீர் வரும் பழைய குட்டை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தேன்.

மீன்வளர்ப்புக்கு உதவும் மத்திய அரசின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் நான் தொடங்கியபோது பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் இருந்தது. அதனால் விண்ணப்பம் மனைவி பெயரில். மானியம் வரும் என்று நம்பி அந்தப் பணத்தை முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். முதலில் நம் கைக்காசு போக வேண்டும், அப்புறம்தான் அது வரும்.

குஞ்சுக்கு இப்போது முகத்துவாரத்தில் வலை போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. 1997-ல் சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்) விஞ்ஞானிகள் கொடுவாவைப் பொரிப்பகத்திலேயே முட்டையிட வைத்துவிட்டார்கள். நான் மூன்று அங்குலக் குஞ்சாகவே வாங்கினேன், ஒன்று 35 ரூபாய். சிறிய குஞ்சு மலிவுதான், ஆனால் கொடுவா தன் நீளத்தில் பாதி இருக்கும் கூடப்பிறந்ததையே விழுங்கும். குட்டைக்குள் தொட்டி மாதிரி கட்டும் ஹாப்பா வலையில் விட்டு அடிக்கடி அளவு பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் நூற்றுக்கு எழுபதுதான் தேறியது.

இனி தீவனம். காசிமேட்டுக்காரன் என்பதால் சாப்பாட்டுக்கு விலைபோகாத கழிவு மீன் வாங்கிப் போடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கிலோ மீன் வளர ஆறு கிலோ கழிவு மீன் வேண்டும். கிலோ 30 ரூபாய் என்றால் 180. பெல்லட் என்னும் உலர் குருணைத் தீவனம் 1.8 கிலோ போதும், 120 ரூபாய் விலையில் 216. காகிதத்தில் கழிவு மீன்தான் ஜெயிக்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலில் தின்றது போக மிச்சம் உடனே அழுகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு, விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கதி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாது, கழிவு மீன் வரத்து படுத்துவிடும். மீன் பெரிதாகி அதிகம் தின்னும் நேரத்தில் தீனிக்கு எங்கே போவது? பெல்லட்டே எடுத்தேன்.

அதே தடைக்காலம்தான் விலையையும் ஏற்றுகிறது. குஞ்சு, தீவனம், குத்தகை, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டருக்குக் கரண்ட், கூலி எல்லாம் சேர்த்து எனக்குக் கிலோவுக்கு 350 ரூபாய்ப் பக்கம் அடங்கியது. சாதாரண நாளில் வியாபாரி 390 சொன்னார். 40 ரூபாயை நம்பி யாரும் இந்தத் தொழிலுக்கு வர மாட்டார்கள். அதனால் ஆடியில் குஞ்சு விட்டு, மே மாதம் மீன் முக்கால் கிலோ தாண்டும்படி பார்த்துக்கொண்டேன். மழைக்காலத்தில் உப்பு இறங்கினாலும் கொடுவா தாங்கும். கரைக்கு மேல் மட்டும் வலை கட்ட வேண்டும், வெள்ளத்தில் மீன் போய்விடும். மார்கழி, தை குளிரில் தீனி எடுப்பது குறையும், அப்போது நாமும் குறைத்துவிட வேண்டும்.

மே மாதம் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடிக்கவில்லை. பெரியதை மட்டும் தேர்ந்து, ஐஸ் தண்ணீரில் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஏலத்துக்குக் கொண்டுபோனோம். "வளர்ப்பு மீனா, கடல் மீனா?" என்று கேட்டார் ஏலக்காரர். வளர்ப்புதான் அண்ணே என்றேன். செவுளைப் பிரித்துப் பார்த்துவிட்டு 460-க்கு எடுத்தார். மிச்ச மீனைத் தடை முடிவதற்குள் இரண்டு தவணையாக விற்றேன். கடைசித் தவணை 420-தான், படகுகள் கிளம்பப் போகிறது என்று தெரிந்ததும் வியாபாரிகள் விலையை இறக்கிவிட்டார்கள். அடுத்த முறை ஜூனுக்கு மீன் வைப்பதாக இல்லை.