மெதுவாக இருந்தால் மைனரா? ஆரல் டெஸ்டில் நான் பட்ட பாடு

பியானோ கிரேடு 4-இல் ஆரல் டெஸ்டுக்கு, அதாவது இசையைக் காதால் கேட்டுப் பதில் சொல்லும் பகுதிக்கு, எனக்குக் கிடைத்தது 18-க்கு 11. அதற்குத் தேர்ச்சி 12. மற்ற பகுதிகள் கைகொடுத்ததால் மொத்தத்தில் தேறிவிட்டேன். ஆனாலும் அந்த 11 ரொம்ப நாள் உறுத்தியது. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசை வாரியத்தின் தேர்வுக்கு, சேலம் மாதிரி ஊரில் வாரம் ஒரே வகுப்பை நம்பித் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தேர்வாளர் பியானோவில் ஒரு சின்னத் துண்டு வாசித்தார். மெதுவாக, நெஞ்சைப் பிசைகிற மாதிரி. மேஜரா மைனரா என்றார். (மேற்கத்திய இசையின் இரண்டு ஸ்வர வரிசைகள்; பொதுவாக மேஜரை மகிழ்ச்சியோடும் மைனரைச் சோகத்தோடும் சேர்ப்பார்கள்.) யோசிக்கவே இல்லை, "மைனர்" என்றேன். குணம் என்ன என்றார். "சோகம்." அதற்கு மேல் வாய் வரவில்லை. வெளியே வந்து அந்த மெட்டை முணுமுணுத்தபோதுதான் அது மேஜர் என்று உறைத்தது.

என் மிஸ் ஏற்காட்டில் இருக்கிறார். அடுத்த சனிக்கிழமை போய்ச் சொன்னேன். "ஸ்லோவா இருந்தாலே நீ மைனர்னு முடிவு பண்ணிடறே. டெம்போ, கீ, மூடு மூணும் வேற வேற கேள்விம்மா" என்றார். டெம்போ என்றால் வேகம், கீ என்றால் ஆதார ஸ்வரமும் மேஜரா மைனரா என்பதும், மூடு என்றால் குணம். பிறகு ஒரு வேலை கொடுத்தார்: செல்லோவும் (வயலின் குடும்பத்தில் கனத்த குரல் கொண்ட வாத்தியம்) பியானோவும் சேர்ந்த பதிவுகளைக் கேள். தேர்வில் வாசிப்பது பியானோ மட்டும்தானே, செல்லோ எதற்கு என்று எனக்குக் குழப்பம். கேட்கக் கேட்கப் புரிந்தது. தனி பியானோவில் மெட்டும் பக்கவாத்தியமும் ஒரே குரலில் கலந்து வரும். இதில் மெட்டு செல்லோவிடம், தாளமும் அடிஸ்வரமும் பெரும்பாலும் பியானோவிடம். எதை எங்கே தேட வேண்டும் என்று காது பழகிவிடும்.

முதலில் கேட்டது பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1886-இல் எழுதிய 'அன்னம்'. விலங்குகளை வைத்து எழுதிய தொகுப்பில் ஒரு பகுதி. மூலத்தில் ஒரு செல்லோவுக்கு இரண்டு பியானோ. நாம் கேட்பது பெரும்பாலும் ஒரு பியானோவுக்குச் சுருக்கியது. (முழுத் தொகுப்பையும் தான் உயிரோடு இருக்கும்வரை அச்சிட விடாதவர், இதை மட்டும் வெளியிட அனுமதித்தார். ரசனை உள்ள மனிதர்தான்.) கேட்டதும் எனக்கு மறுபடி அதே எண்ணம்: சோகம், மைனர்.

அப்போது சேலம் கோட்டைப் பகுதியில் இருக்கும் அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை பாட்டு டீச்சர், செல்லோவை வாழ்க்கையில் கேட்டதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, "என்னடி இது, சங்கராபரணமா? அட, என் சுருதி" என்றார். அத்தை பாடுவது 5 கட்டை. கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு; 5 கட்டை என்றால் ஜி. 'அன்னம்' ஜி மேஜர். மேஜரின் ஸ்வர வரிசைதான் நம் சங்கராபரணம். "சோகமா இருக்கே அத்தை?" என்றேன். "சங்கராபரணத்துல சோகம் வரக்கூடாதுன்னு யாருடி சொன்னா?"

அந்த மெட்டைப் பாடிக் காட்டினார்: ச நி க த ப ச, ரி க ம. மூன்றாவது ஸ்வரமே காந்தாரம், அதுவும் அந்தர காந்தாரம். மேஜரா மைனரா என்பதற்கு அதுவே பதில். மைனராக இருந்திருந்தால் அந்த இடத்தில் அதைவிட அரை ஸ்வரம் கீழே இருக்கும் 'சாதாரண காந்தாரம்' நின்றிருக்கும். கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். துண்டு முடியும்போது பியானோவின் கீழ்ஸ்வரத்தைப் பிடியுங்கள், பெரும்பாலும் அதுதான் ச. அதிலிருந்து மனசுக்குள் ரி, க என்று ஏறுங்கள். காந்தாரம் கிடைத்தால் போதும். ஹார்மோனிக் மைனர் கீரவாணி, நேச்சுரல் மைனர் நடபைரவி என்பதெல்லாம் அடுத்த கட்டம்.

இதற்கு எதிர்ப்பக்கம் வைத்துக் கேட்க, இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான ஃபோரேவின் 'எலிஜி'. 1883-இல் அச்சான இரங்கல் இசை, சி மைனர், நம் கணக்கில் 1 கட்டை. இதுவும் மெதுவானதுதான். ஆனால் பியானோ கனமாக அடியெடுத்து நடக்கிறது. செல்லோ முதலில் அதே மெட்டை உரக்கச் சொல்லி, பிறகு மிக மெல்லிய குரலில் திரும்பச் சொல்கிறது. குணத்தைப் பற்றிக் கேட்டால் இப்போது என்னால் இப்படிச் சொல்ல முடியும்: துக்கம், ஏனென்றால் மைனர், மிக மெதுவான நடை, உரக்க அழுதது பிறகு அடங்குகிறது. 'அன்னத்துக்கு' அமைதி, ஒயில்; காரணம் மேஜர், இழைந்து போகும் லெகாட்டோ, அலை மாதிரி ஓடும் பியானோ. ஒரு குணச்சொல்லுக்கு இரண்டு காரணமாவது கையில் இருக்கட்டும்.

டெம்போவுக்குச் செல்லோவை நம்பாதீர்கள். நீளமாக இழுக்கும் வில்லில் அடி தெரியாது. பியானோவைப் பிடித்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 'அன்னத்தின்' மேல் சான்-சான்ஸ் எழுதியது ஆன்டான்டினோ கிராசியோசோ, அதாவது ஓரளவு நகரும் நடை. பல செல்லோக்காரர்கள் அதைவிட மெதுவாகத்தான் வாசிக்கிறார்கள். அதனால் மூன்று நான்கு பதிவுகளையாவது ஒப்பிடுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கினால் சுருதி மாறாது, நடை மட்டும் மாறும். அப்போது மூடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள், பாதிப் பாடம் அங்கேயே இருக்கிறது.

ஏற்காடு பஸ்ஸில் மட்டும் இந்தப் பயிற்சி வேண்டாம். 20 ஹேர்பின் வளைவு, பாதி மலையில் காது அடைத்துக்கொள்ளும். நான் இரண்டு மாதம் அப்படி வீணடித்தேன்.

கிரேடு 5-க்கு ஏற்காட்டுக்கே போகாத ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய் எழுதினேன். 18-க்கு 16. போன 2 மார்க், தாளைப் பார்த்து ஆறு ஸ்வரம் பாடிக் காட்டும் பகுதியில். அதற்கு முன்பே அத்தையிடம் போய் உட்கார்ந்திருக்கலாம்.