கீழிறங்கும் வினவல்

திருகோணமலையில் நிவாரணப் பயனாளிகளின் விபரங்களைப் பேணும் மென்பொருள் ஒன்றில் பணியாற்றியபோது, எங்களை அதிகம் காக்க வைத்தது நிர்வாகப் பிரிவுகளின் அட்டவணையே. மாகாணம் முதல் கிராம அலுவலர் பிரிவு வரை யாவும் அதில் இருந்தன. ஒவ்வொரு நிரையும் தனக்கு மேலுள்ள பிரிவின் எண்ணை ஒரு நிரலில் வைத்திருந்தது. கிண்ணியாப் பிரதேசம் திருகோணமலை மாவட்டத்தைச் சுட்டும்; மாவட்டம் கிழக்கு மாகாணத்தைச் சுட்டும்.

இத்தகைய அட்டவணையில் மேலேறுவது எளிது. மேற்பிரிவின் எண், ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளங்காட்டும் முதன்மைச் சாவியாதலால் அதற்கு இன்டெக்ஸ், அதாவது விரைந்து தேட உதவும் சுட்டுப் பட்டியல், ஏற்கெனவே இருக்கும். மூதூரின் கீழ் உள்ளவை எவை என்று கேட்கும்போதோ மேற்பிரிவு நிரலில் தேட வேண்டும். ஒரு நிரல் வேறொரு நிரையைச் சுட்டுகிறது என்று கூறும் அந்நியச் சாவியை அறிவித்தவுடன், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி அந்நிரலுக்கு இன்டெக்ஸையும் அமைத்துவிடும். நாங்கள் பயன்படுத்திய போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் அமைக்காது. ஒரு பிரிவை நீக்குவதும் இதனாலேயே தாமதித்தது, ஏனெனில் அதைச் சுட்டும் நிரை வேறு உண்டா என்று தரவுத்தளம் அட்டவணை முழுவதையும் வாசித்தது. ஒரே வரியில் இன்டெக்ஸ் சேர்த்ததும் அது தீர்ந்தது.

அறிக்கைகளின் தாமதம் மட்டும் குறையவில்லை. அவை யாவும் ஒரு வியூவை, அதாவது பெயரிட்டுச் சேமித்த வினவலை, நம்பியிருந்தன. அந்த வியூ, வினவல் மொழியான எஸ்கியூஎல்லின் 1999ஆம் ஆண்டுத் தரத்தில் இடம்பெற்ற, படிப்படியாகத் திரும்பத் திரும்ப இறங்கும் வித் ரிகர்சிவ் முறையால், 14,000க்கு மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள் கொண்ட நாட்டின் பிரிவு மரம் (கிளைவிடும் படிநிலை) முழுவதையும் விரித்த பின்னரே நாம் கேட்ட பிரதேசத்தை வடிகட்டியது. 2019இல் வெளியான போஸ்ட்கிரஸ் 12, சாதாரண வித் பகுதிகளை, அதாவது வினவலுக்குள் பெயரிட்டு எழுதும் துணை வினவல்களை, வெளி வினவலோடு சேர்த்துத் திட்டமிடக்கூடியது. ரிகர்சிவ் பகுதிக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே வெளியே எழுதிய நிபந்தனை உள்ளே இறங்கவேயில்லை. வியூவைக் கைவிட்டு, பிரிவின் எண்ணைப் பெறும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, நிபந்தனையைத் தொடக்க நிரையைத் தெரிவுசெய்யும் இடத்திலேயே வைத்தோம். வினவல் மூதூரில் தொடங்கி மூதூருக்குள்ளேயே முடிந்தது.

ஒவ்வொரு பிரிவையும் அதற்கு மேலுள்ள எல்லாப் பிரிவுகளோடும் சேர்த்த மூதாதை–வழித்தோன்றல் இணைகளைத் தனி அட்டவணையில் சேமிக்கலாம் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். ஆழமான மரங்களுக்கு அது நல்ல வழிதான். நான்கே படிகளுக்கு, இன்னொரு அட்டவணையை என்றென்றும் ஒத்திசைவாகப் பேணும் வேலையை நான் விரும்பவில்லை.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்தோம். தரவுப் பதிவில் ஒரு பிரிவு தன்னையே மேற்பிரிவாகக் கொண்டுவிட்டால், கிடைக்கும் நிரைகளை நகல் நீக்காமல் சேர்க்கும் யூனியன் ஆல் கொண்டு எழுதிய வினவல் முடிவின்றிச் சுழலும். அதை நிரை அளவிலேயே தடுக்கும் செக் கட்டுப்பாட்டைச் சேர்த்தோம். இரண்டு மூன்று பிரிவுகள் ஒன்றையொன்று சுட்டும் சுழற்சியை அது பிடிக்காது. அதற்குப் போஸ்ட்கிரஸ் 14இல் வந்த, சுழற்சியைக் கண்டறியும் சைக்கிள் வாசகத்தை வினவலிலேயே எழுதினோம்.