பன்னிரண்டு மணிக்கு மேல்

"பன்னிரண்டு மணிக்கு மேல ஒரு பேஷன்ட்டுக்கு கார்டியாக் அரெஸ்ட் ஆனா நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா மேடம்?"

ஐசியூ சிஸ்டர் இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார்.

விஷயம் இவ்வளவுதான். நர்சுகளின் சான்றிதழ்த் தேதிகளை ஒரு எக்ஸெலில் வைத்துக் கவனிப்பது என் வேலை. சிஸ்டருடைய ஏசிஎல்எஸ் கார்டு, அதாவது இதயம் நின்றவரை மீட்கும் பயிற்சி முடித்ததற்கான சான்று, அந்த மாதம் 30ஆம் தேதியோடு முடிகிறது. அதைக் கொடுக்கும் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டுக்கு வைத்திருக்கும் ஆயுள் 2 வருடம். மாதத்தில் எந்தத் தேதியில் வகுப்பு முடித்தாலும், 2 வருடம் கழித்து அதே மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். அவருக்கு 30ஆம் தேதி நைட். இரவு 8 மணிக்கு ஏறினால் காலை 8 மணிக்கு இறங்க வேண்டும். முதல் நான்கு மணி நேரம் கார்டு உண்டு, மிச்சம் எட்டு மணி நேரம் கிடையாது. ரோஸ்டரிலிருந்து அவர் பெயரை எடுக்கச் சொன்னேன்.

அவர் கேட்டதற்கு நான் சொன்னது: "அப்படி ஒரு நிலைமையே வரக்கூடாதுன்னுதான் சிஸ்டர் மாத்தச் சொல்றேன்." இப்போது யோசித்தாலும் இதைவிட நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆடிட்டில் யாரும் "உங்கள் ஃபைலைக் காட்டுங்கள்" என்பதோடு விடுவதில்லை. பழைய ரோஸ்டர் ஒன்றை எடுத்து, ஒரு இரவைத் தொட்டு, அன்று டூட்டியில் இருந்தவர்களின் கார்டு அன்றைக்குச் செல்லுபடியானதா என்று கேட்பார்கள். நகல் வாங்கி வைத்திருந்தால் போதாது. இ-கார்டில் இருக்கும் எண்ணைக் கொடுத்தவர்களின் தளத்திலேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நர்சிங் பதிவு என்றால் கவுன்சிலிடமே உறுதி செய்திருக்க வேண்டும். ஆடிட்டை விடுங்கள். நோயாளிக்கு ஏதாவது ஆகி கேஸ் என்று வந்தால், முதலில் கேட்கப்படுவது அங்கே நின்றவரின் கார்டைத்தான். அப்போது சிஸ்டரைக் காப்பாற்ற என் எக்ஸெலைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அவர் நல்லதுக்காகவும்தான் எடுத்தேன். இந்த 'உம்' கொஞ்சம் உறுத்துகிறது.

90 நாள் இருக்கும்போது பெயர் மஞ்சளாகும், 30 நாளில் ஆரஞ்சு, முடிந்தால் சிவப்பு. மஞ்சளிலும் மெயில் போனது, ஆரஞ்சிலும் போனது. அவரும் சும்மா இருக்கவில்லை. ரெனியூவல் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தார். அன்று காலை ஆள் இல்லை என்று இன்சார்ஜ் கூப்பிட, வகுப்பை விட்டுவிட்டு டூட்டிக்கு வந்துவிட்டார். அடுத்த வகுப்பு அடுத்த மாதம் பிறந்த பிறகுதான். வார்டைக் காப்பாற்றப் போய்க் கார்டை விட்டவர் என்று எழுத என் எக்ஸெலில் கட்டம் இல்லை. தேதிக்கு மட்டும்தான் இருக்கிறது.

அவருக்குப் பதில் போட்ட பெண் அதற்கு முந்தின மாதம்தான் ஏசிஎல்எஸ் முடித்தவர். பொம்மை மேல் அழுத்தித் தேறியவர். நிஜமான கோட் ப்ளூவில், அதாவது இதயம் நின்றவரைக் காப்பாற்ற எல்லோரும் ஓடும் அவசர அழைப்பில், மருந்து கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்வதற்கு மேல் அவர் போனதில்லை என்று இன்சார்ஜ் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா கார்டு இருக்கு" என்றார். என்னைக் குத்தத்தான் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, தெரியவில்லை.

அனுபவத்தை வைத்தே விட்டுவிடலாம் என்றும் என்னால் சொல்ல முடியாது. 2010க்கு முன் படித்தவர்கள் முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, அப்புறம்தான் மார்பு அழுத்தம் என்று பழகினார்கள். 2010இல் அந்த வரிசையே மாறி, பெரியவர்களுக்கு அழுத்தம் முதலுக்கு வந்தது. 2015இல் நிமிடத்துக்கு 120க்கு மேல் போகாதே, 6 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம் என்று மேல் வரம்பு வந்தது. பல வருடப் பழக்கம் பழைய முறையையும் சேர்த்துத்தான் கையில் உறைய வைத்திருக்கும். அதை உடைக்க ரெனியூவல் வேண்டும்.

சரி, அதே வாதத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனால் வேறெங்கோ போய் நிற்கிறது. கற்ற கை சில மாதங்களிலேயே தளர ஆரம்பிக்கிறது என்பது ஹார்ட் அசோசியேஷனே ஒப்புக்கொண்டதுதான். அதற்காகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறு பயிற்சி என்ற ஏற்பாட்டையும் நடத்துகிறார்கள். அப்படியானால் 2 வருடம் என்பது நிர்வாகத்துக்கு வசதியான ஒரு இடைவெளி. என் பட்டியலில் பச்சையாக இருக்கும் எத்தனையோ பேருடைய கை எப்போதோ சிவப்பாகியிருக்கும். அவர்களை நான் தடுப்பதில்லை. தடுக்க வழியும் இல்லை. ஐசியூவில் வாரம் ஒருமுறையாவது நெஞ்சை அழுத்துகிறவரைத் தடுக்க வழி இருந்தது, தடுத்தேன்.

கிளம்பும்போது சிஸ்டர் இன்னொன்றும் கேட்டார். "டாக்டருங்களுக்கும் இந்தச் சிவப்பு உண்டா மேடம்?"

"அவங்க லிஸ்ட் என்கிட்ட இல்லை சிஸ்டர். கிரெடென்ஷியலிங் கமிட்டி பாக்குது."

உண்மைதான். டாக்டர்களுக்குத் தனிக் குழு, தனி ஃபைல், என்னென்ன செய்யலாம் என்ற தனி அனுமதிப் பட்டியல். நான் அதைத் தொட முடியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். நம்பினாரா என்பது தெரியாது. பொய் சொல்லாத ஒருத்தியிடம் அப்படித் தலையாட்டிவிட்டுப் போவது நல்ல தண்டனை.

அன்று இரவு ஐசியூவில் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நான் செய்தது சரி என்றும் ஆகாது, தப்பு என்றும் ஆகாது. அடுத்த வாரம் அவர் வகுப்பு முடித்துக் கார்டை அனுப்பினார், கூட ஒரு வரிகூட இல்லை. எண்ணைப் போட்டுச் சரிபார்த்துப் பச்சையாக்கினேன்.

ஷிஃப்ட் முடியும் நேரம் வரை கார்டு செல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த ஷிஃப்ட்டில் பெயர் போடக்கூடாது என்று விதியிலும் எழுதி வாங்கிவிட்டேன். டூட்டிக்காக வகுப்பிலிருந்து யாரையும் கூப்பிடக்கூடாது என்றும் ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தேன். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அதை மட்டும் நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த மாதக் கடைசி இரவில் ஐசியூவுக்கு ஆன்-கால் டாக்டர் யார் என்று பார்த்தேன். அவருடைய கார்டு எப்போது முடிகிறது என்று கேட்டு கமிட்டிக்கு மெயில் போட்டேன். பதில் வரவில்லை. ஞாபகப்படுத்தி இன்னொன்று எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன்.