இடதுபக்கம் படுத்தபடி

மார்ச் 3, செவ்வாய்

மதியத்திலிருந்து அதே நினைப்பு. ஏதோ சரியில்லை. என்ன சரியில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் படுத்து வயிற்றுப் பிள்ளையின் அசைவை எண்ண ஆரம்பித்தேன். பத்து அசைவுக்கு இரண்டு மணி நேரம் வரை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் பத்தும் வந்துவிட்டது. வந்த பிறகாவது நினைப்பு அடங்கியதா? உடனே வேறு இடத்துக்குத் தாவிவிட்டது. சரி, அசைகிறது, ஆனால் கொடி சுற்றியிருந்தால்?

மார்ச் 4, புதன்

தூக்கம் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

ஆச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "பெத்தவளுக்கு வயிறு சொல்லிரும்ட்டி. எவளும் வந்து சொல்ல வேண்டாம்."

எனக்குச் சொல்லவில்லையே ஆச்சி. போன தடவை உண்டாகியிருந்தபோது, அந்தச் செப்டம்பரில் ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து, முடிந்ததும் எங்கே சாப்பிடப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். வலி இல்லை, ரத்தம் இல்லை, கெட்ட கனவுகூட இல்லை. துடிப்பு நின்று சில நாள் ஆகியிருக்கும் என்றார்கள். அந்தச் சில நாளும் நான் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறேன்.

கருவின் துடிப்பு நின்ற பிறகும் நஞ்சுக்கொடி கொஞ்ச நாள் ஹார்மோன் சுரக்குமாம். மசக்கைகூட அப்படியே இருக்கும். பல பெண்களுக்கு ஸ்கேனில்தான் தெரியவரும். அப்படியென்றால் உடம்பு எனக்குச் சொல்லாமல் விடவில்லை, உடம்புக்கே செய்தி போகவில்லை. இதைப் படித்த அன்று நெடுநேரம் அழுதேன். ஆச்சியிடம் எதையும் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

பல்லி கத்தியதும் ஆச்சி தரையைத் தட்டினாள். நானும் தட்டினேன்.

மார்ச் 9, திங்கள்

டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி ராத்திரி படித்தேன். கானமன் மனித மனம் எங்கெல்லாம் ஏமாறும் என்று ஆராய்ந்தவர். க்ளைன் தீயணைப்பு வீரர்கள் நொடியில் எடுக்கும் சரியான முடிவுகளை ஆராய்ந்தவர். எதிரெதிர்ப் பக்கம் இருந்தவர்கள் உட்கார்ந்து பேசி, உள்ளுணர்வை நம்ப இரண்டு விஷயம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கோடு நெடுநாள் பழகி, நாம் நினைத்தது சரியா தப்பா என்று அவ்வப்போது தெரிந்துகொண்டே வந்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: உள்ளே எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பதை வைத்து அது நிஜம் என்று முடிவுகட்ட முடியாது.

கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. நான் இத்தனை நாளும் அந்த உறுதியைத்தானே அளந்துகொண்டிருக்கிறேன்? ரொம்பப் பலமாகத் தோன்றினால் உள்ளுணர்வு, லேசாக இருந்தால் பயம் என்று. என் பயம்தான் எப்போதும் பலமாக இருக்கிறது. அதற்கு வாய் ஓயாது. ஆம்புலன்ஸ், அவருக்குப் போகும் போன், அம்மாவின் முகம், எல்லாவற்றையும் முன்கூட்டியே காட்டிவிடும்.

ஒழுங்கு என்று எனக்கு நிஜமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்பது மணி சுமாருக்கு, வலது விலாவுக்குக் கீழே ஆரம்பிக்கும் அந்த உதை. அது எனக்கு மனப்பாடம். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மார்ச் 10, செவ்வாய்

கடைசி மாதத்தில் பிள்ளை அடங்கிவிடும் என்கிறார் எதிர்வீட்டு அத்தை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். உதை கொஞ்சம் மாறி உருளுவது மாதிரி இருக்கலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் ஆன்லைனில் பார்த்துவைத்திருக்கும், வீட்டிலேயே பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவி பற்றியும் கேட்டேன். வேண்டவே வேண்டாம், துடிப்பு கேட்கிறது என்று நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவீர்கள் என்றார்.

கிளம்பும்போது அவராகவே சொன்னார்: "பயமா நிஜமான்னு நீங்க வீட்டுல உக்காந்து தீர்மானிக்க வேண்டாம்மா. அசைவு கம்மியா தெரிஞ்சா விடியட்டும்னு பாக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் வாங்க."

இத்தனை மாதத்தில் யாரும் எனக்கு இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்றைக்குப் பிள்ளைக்கு விக்கல். வயிறு சீராகத் துள்ளியது. அம்மாவின் கையை எடுத்து வைத்தேன். இருவரும் சிரித்தோம். பயம் இருந்தது, ஓரமாக.

மார்ச் 13, வெள்ளி

ஒன்பது மணி உதை வரவில்லை. பத்தாகிவிட்டது. படுத்திருக்கிறேன். இரண்டு தடவை லேசாக ஏதோ அசைந்தது. ஆம்புலன்ஸ் எதுவும் கண்ணில் வரவில்லை. வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவை எழுப்பப் போகிறேன்.

மார்ச் 14, சனி

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி, பிள்ளையின் துடிப்பைப் பதிவுசெய்யும் என்.எஸ்.டி. போட்டார்கள். துடிப்பு 140ஐ ஒட்டியே ஓடியது. ஏறவே இல்லை. 110 முதல் 160 வரை சரிதான், ஆனால் பிள்ளை அசையும்போது அது ஏறி இறங்க வேண்டும். இருபது நிமிடமும் கோடு நேராகவே போனது. தூங்கும் பிள்ளைக்கும் இப்படித்தான் இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றார் சிஸ்டர். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஓர் ஏற்றம். அடுத்தது. சிஸ்டர் என் தோளைத் தட்டினார்.

ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீரின் அளவு 6 என்று வந்தது. கம்மியின் ஓரம். இரண்டு நாளில் திரும்பப் பார்க்கலாம், அதுவரை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் இன்று நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்.

பார்த்தியா, வயிறு சொல்லிட்டுல்லா என்கிறாள் ஆச்சி போனில். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததா, தண்ணீர் குறைந்ததால் அசைவு மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று என்னுள் பேசியது எது என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே வந்து சேர முடிந்தது என்பதை நினைத்தால்தான் மூச்சு சீராகிறது.

மார்ச் 15, ஞாயிறு

அவர் வந்துவிட்டார். வயிற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்து தூங்கிவிட்டார். எழுப்பவில்லை.

மார்ச் 16, திங்கள்

தண்ணீர் 5க்குக் கீழே போய்விட்டது. 38 வாரம் தாண்டிவிட்டதால் காத்திருக்க வேண்டாம், இன்றே பிரசவ வலி வர மருந்து வைத்துவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. கையெழுத்துப் போட்டாயிற்று. அம்மா வெந்நீர் வாங்கப் போயிருக்கிறாள். காலையில் நன்றாக அசைந்தது, எண்ணிவிட்டேன். சிஸ்டர் பெல்ட்டோடு வருகிறார்