ஆறு ஸ்பூன்ல ஒண்ணைக் காணோம்

வீட்ல ஆறு டீஸ்பூன் இருந்த செட்ல ஒண்ணைக் காணோம்னு மூணு நாளா விசாரணை ஓடிட்டு இருந்துச்சு. நானும் கூடச் சேர்ந்து தேடினேன், சிங்க்குக்கு அடியில டார்ச் எல்லாம் அடிச்சுப் பார்த்தேன். ஏன்னா எடுத்ததே நான்தான்.

என் மச்சானுக்கு, அதாவது வைஃபோட அண்ணனுக்கு, உறைஞ்ச ஏரி மேல உக்காந்து மீன் புடிக்கிற வியாதி ஒண்ணு உண்டு. ஏரி கெட்டியானா போதும், ஐஸ்ல ஓட்டை போடுற ஆகரைத் தோள்ல மாட்டிட்டுக் கெளம்பிருவார். இந்த வாட்டி "மாப்ள, சும்மாத்தானே இருக்கீங்க, வாங்க பெர்ச் புடிக்கலாம்"னு கூப்பிட்டார். மஞ்ச ஒடம்புல மேலருந்து கீழ கரும்பச்சைப் பட்டை, வயித்துப் பக்கத் துடுப்பு ஆரஞ்சு கலர்னு யாரோ ஸ்கெட்ச் பேனா வச்சு வரைஞ்ச மாதிரி இருக்கும் இந்த பெர்ச். இதுக்குப் பளபளன்னு இருக்குற ஸ்பூன் லூர்தான், அதாவது மீனை ஏமாத்துற போலி இரைதான், சரியா வரும்னார். ஸ்பூன்னா நெஜ ஸ்பூன் இல்ல, சின்னதா தகடு, ஒரு விரல் ரெண்டு கணு நீளம் இருக்கும், கீழ மூணு முள்ளுக் கொக்கி, தண்ணில இறங்கும்போது இப்படியும் அப்படியும் பொரண்டு அடிபட்ட குட்டி மீன் மாதிரி மின்னும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா அன்னைக்கு ராத்திரி படிக்க உக்காந்துட்டேன். அமெரிக்காவுல வெர்மான்ட்ல ஜூலியோ பியூல்னு ஒருத்தர், சின்னப் பையனா இருக்கும்போது பொமோசீன் ஏரில படகுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாராம், கை தவறி ஸ்பூன் தண்ணிக்குள்ள விழுந்துச்சாம், அது மின்னிட்டே இறங்குனப்ப ஒரு ட்ரவுட் மீன் பாய்ஞ்சு வந்து கவ்வுச்சாம். உடனே இன்னொரு ஸ்பூனோட கைப்பிடியை வெட்டி, ஓட்டை போட்டு, முள்ளு மாட்டிட்டாராம். மீன் கவ்வுன கதைக்கு அவரு சொன்னதுதான் சாட்சி, ஆனா 1852ல அவரு லூருக்கு பேடன்ட் வாங்குனது நெஜம். இதைப் படிச்சதும் எனக்குள்ள இருந்த விஞ்ஞானி முழிச்சுக்கிட்டான். நேரா கிச்சன்.

நல்ல ஸ்பூனா எடுக்க மனசு வரல. எப்பவோ ஒரு டப்பா மூடியை நெம்பப் போயி நடுவுல ஒரு குழி விழுந்த ஸ்பூன் ஒண்ணு இருந்துச்சு, அதை எடுத்தேன். கைப்பிடியை ரம்பத்துல அறுத்து, ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டேன். ஸ்டீலுங்க, சாமான்யமா எறங்கல, ரெண்டு ட்ரில் பிட் ஒடஞ்சுச்சு. கைப்பிடியை ஸ்க்ரூடிரைவர் டப்பாவுக்குள்ள அடில போட்டு மூடிட்டேன். தடயம் இருக்கக் கூடாதுல்ல.

ஏரிக்குப் போனோம். நல்ல கெட்டியான தெளிஞ்ச ஐஸா இருந்தா பத்து சென்டிமீட்டர் கனத்துலயே ஆள் நடக்கலாம், இங்க இருபத்தஞ்சு இருக்கு பயப்படாதீங்கன்னார் மச்சான். நானும் தைரியமா நாலு எட்டு வச்சேன். ஏரிக்கு அடியிலருந்து 'டூ..ம்'னு ஒரு சத்தம், நான் திரும்பிக் கரைக்கு ஓடுனதுல என் வாளி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். குளிர் ஏற எறங்க ஐஸ் விரியும் சுருங்கும், அதுல வர்ற சத்தமாம். இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டா "நீங்க கேக்கலயே"ங்கறார்.

ஆகர்ல ரெண்டு ஓட்டை போட்டார், ஒவ்வொண்ணும் ஒரு சாப்பாட்டுத் தட்டுல பாதி இருக்கும். கைல குடுத்த தூண்டில் ரெண்டே அடி, பொம்மைக் கம்பு மாதிரி. நான் என் ஸ்பூனை எடுத்து நீட்டுனேன். மனுஷன் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "மாப்ள, பெர்ச் வாய்க்கு இது பெருசு, இதை வச்சு மீனுக்கு சாப்பாடுதான் ஊட்டலாம்"னார். ஆனா மனசு ஒடைக்கல. அடில இருந்த கொக்கியைக் கழட்டிட்டு ரெண்டு இஞ்ச் தூண்டில் நரம்பு கட்டி, அதுல பொடி முள்ளு ஒண்ணு மாட்டி ஒரு புழுவைக் குத்துனார். பளபளப்பைப் பார்த்து மீன் வரும், வந்த மீன் கீழ தொங்குற புழுவைத் திங்கும், அதான் கணக்கு. போர்டு ஒரு பக்கம் சரக்கு ஒரு பக்கம்.

அங்க பத்தடி ஆழம்தான், தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஜாக்கெட்டைத் தலைக்கு மேல போத்திக்கிட்டு குப்புறப் படுத்து ஓட்டைக்குள்ள பாருங்கன்னார். பார்த்தேங்க. இந்த ஒரு நிமிஷத்துக்காகவே இன்னொரு தடவ போகலாம். வெளிய ஒரே வெள்ளை, உள்ள பச்சை வெளிச்சம், கீழ மண்ணு, அங்கங்க பாசி, நடுவுல என் வீட்டு ஸ்பூன் மினுக் மினுக்குன்னு ஆடிட்டு இருக்கு. எங்கருந்தோ ஒரு பெர்ச் வந்துச்சு, பின்னாடியே ஏழெட்டு. எல்லாம் சுத்தி நின்னு முதுகுத் துடுப்பை விரிச்சுக்கிட்டு ஸ்பூனையே பார்க்குதுங்க. பார்க்குதுங்க பார்க்குதுங்க பார்த்துட்டே இருக்குதுங்க. அப்புறம் கடைல எல்லாத்தையும் எடுத்துப் போடச் சொல்லிட்டு "அப்புறமா வர்றோம்"னு எறங்கிப் போறவங்க மாதிரி ஒண்ணு திரும்புச்சு, மொத்தக் கூட்டமும் பின்னாடியே போயிருச்சு.

"கையை ஆட்டாதீங்க மாப்ள. ஒரு அடி தூக்கணும், விடணும், அப்படியே நிறுத்தணும். நிறுத்தும்போதுதான் அது கடிக்கும்."

"நான் ஆட்டல மச்சான், குளிர் ஆட்டுது."

நெஜமாவே அதான் பிரச்சனை. எனக்கு நடுங்குற நடுக்கத்துல ஸ்பூன் நிக்கவே இல்ல, கரகாட்டம் ஆடுது. பக்கத்து ஓட்டைல மச்சான் அவரோட குட்டித் தங்கக் கலர் ஸ்பூனை வச்சு அரை மணி நேரத்துல ஆறு தூக்கிட்டார். ஒரு வாட்டி ஸ்பூனைத் தரையில ரெண்டு தட்டு தட்டி மண்ணைக் கெளப்புவார், தூக்குவார், சிலை மாதிரி உக்காருவார், உடனே ஒண்ணு. இருட்டிட்டா இந்த மீனுங்க தின்னாதாம், கண்ணை நம்பிப் பொழைக்கிற ஜாதி, அடில போயிப் படுத்துரும், அதனால சாயங்காலத்துக்குள்ள வேலையை முடிக்கணும்னார். எனக்கோ மூக்கு வேற ஒழுகுது.

மூக்கைத் தொடைக்கத் தூண்டிலை ஓட்டைக்குக் குறுக்க வாளி மேல சாய்ச்சு வச்சுட்டு க்ளவுஸைக் கழட்டுனேன். அப்பத்தான் என் ஸ்பூன் மொதமொதல்ல அசையாம நின்னுருக்கு. 'டிக்'னு ஒரு சத்தம், திரும்புறதுக்குள்ள கம்பு தலைகீழா நின்னு, சர்ர்னு ஓட்டைக்குள்ள போயிருச்சு. ஒரு சாண் மீனு, மொத்தத் தூண்டிலையும் இழுத்துட்டுப் போயிருச்சுங்க.

நான் வாயைத் தொறந்துட்டு நிக்குறேன், மூக்கும் தொடைக்கல. மச்சான் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்த காக்கா பறந்துருச்சு. அப்புறம் குட்டி ஸ்பூனைக் கழட்டிட்டு டப்பாலருந்து பெரிய ஸ்பூன் ஒண்ணு எடுத்து மாட்டினார், மூணு முள்ளுக் கொக்கி வச்சது. அவரு என் ஓட்டை வழியா விடுறார், நான் பக்கத்து ஓட்டைல குப்புறப் படுத்துட்டு "இடது, இடது, அய்யோ அது எனக்கு இடது, உங்களுக்கு வலது"ன்னு வழி சொல்றேன். கம்பு மண்ணுல கெடக்கு, அதுலருந்து நரம்பு போகுது, நரம்போட முனைல அந்த மீன் என்னமோ நாயைக் கட்டிப் போட்ட மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துட்டு இருக்கு. பதினஞ்சு நிமிஷம் இருக்கும். நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ கொக்கி நரம்புல மாட்டுச்சு. வெறுங்கையால மெதுவா இழுத்து இழுத்து, மொதல்ல கம்பு, அப்புறம் சிக்கு விழுந்த நரம்பு, கடைசில என் ஸ்பூன், அதுக்குக் கீழ அந்த பெர்ச். ஆசையா புடிச்சேன், முதுகு முள்ளு கட்டைவிரல்ல சதக்னு ஏறிருச்சு. குளிர்ல வலி தெரியல, கார்ல ஹீட்டர் போட்டப்புறம் தெரிஞ்சுச்சு.

இப்ப இது யாரு புடிச்ச மீன்? ஸ்பூன் என்னது, முள்ளும் புழுவும் அவரோடது, தூக்குனது அவரு. நான் என்னதுங்கறேன், அவரு "அதான் உங்களை அது புடிச்சுருச்சே"ங்கறார். திரும்பி வர்ற வழி பூரா இதே சண்டை.

சண்டை மும்முரத்துல ஒண்ணைக் கவனிக்கல. மீனைத் தண்ணில திருப்பி விடுறதுக்கு முன்னாடி மச்சான் ஒரு போட்டோ எடுத்தாரு, நான் பல்லைக் காட்டிட்டு நிக்குறேன், மீன் வாய்க்கு மேல ஸ்பூன் வெயில்ல ஜொலிக்குது, நடுவுல அந்தக் குழி அவ்ளோ க்ளியரா தெரியுது. அதைப் பெருமையா ஃபேமிலி குரூப்ல போட்டுருக்கார். நான் பார்க்குறப்ப எல்லாரும் கைதட்டி முடிச்சு, கடைசியா என் வைஃப்கிட்டருந்து ஒரே ஒரு மெசேஜ்.

"கைப்பிடி நேத்தே கெடச்சிருச்சு. மீதி எப்ப வீட்டுக்கு வருது?"