வண்டி ரிப்பேரா?

அக்கா மகள் கார் ஓட்டிப் பழக எல்.எல்.ஆர். வாங்கியதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கம்ப்யூட்டர் தேர்வுக்கு மனப்பாடம் செய்த கேள்விகளையெல்லாம் இப்போது எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜீப்ரா கிராஸிங்கில் ஆட்கள் கடக்கக் காத்திருந்தால் என்ன செய்வீர்கள்? ஹாரன் அடித்துவிட்டுப் போவீர்களா, வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போவீர்களா, நிறுத்தி அவர்கள் கடந்த பிறகு போவீர்களா? தேர்வில் எல்லாரும் மூன்றாவதை டிக் அடித்து பாஸாகிறார்கள். ரோட்டில் முதல் இரண்டுதான் நடப்பில் இருக்கிறது.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அதுவரை லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் அப்பாவுக்கு பி.பி. இருப்பதால் மாமா நான் உட்கார்ந்தேன். எனக்கு பி.பி. இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம், அடையாறிலிருந்து திருவான்மியூர் போகும் எல்.பி. ரோடு. முன்னும் பின்னும் சிவப்பு எல் ஒட்டிய எங்கள் கார் உருண்டுகொண்டிருந்தது. சிக்னல் இல்லாத ஒரு ஜீப்ரா கிராஸிங் வந்தது. பஸ் டயர் போகும் தடத்தில் பெயிண்ட் தேய்ந்து தார் தெரிந்தது. நடுவில் மட்டும் வெள்ளை மிச்சமிருந்தது. ஓரத்தில் ஒரு பாட்டி, கையில் கீரைக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். இவள் கோட்டுக்கு முன்னால் அழகாக நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, "போங்க பாட்டி" என்று கையைக் காட்டினாள்.

பாட்டி நகரவில்லை. "நீ போம்மா" என்று பதிலுக்குக் கையைக் காட்டினார்.

"இல்ல பாட்டி, நீங்கதான் மொதல்ல."

பாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நின்ற காரை நம்பி இறங்கினால், அதைத் தாண்டிக்கொண்டு இடதுபக்கம் ஒரு பைக் வரும் என்பது எந்தப் புத்தகமும் படிக்காமலே பாட்டிக்குத் தெரியும்.

பின்னால் ஹாரன் கச்சேரி தொடங்கிவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஆஃப் ஆயிடுச்சா?" என்றார்.

"இல்லண்ணா, பாதசாரி கடக்கணும். 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையில இருக்கு."

அந்த இரைச்சலில் 'கடக்கணும்' அவருக்கு 'கிளம்பல' என்று கேட்டதோ என்னவோ, "எல் போர்டு, பாவம், கிளம்ப மாட்டேங்குது!" என்று பின்னால் குரல் கொடுத்தார். டீக்கடையிலிருந்து மூன்று பேர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். சென்னைக்காரர்கள் வழி விட மாட்டார்கள், ஆனால் நின்றுபோன வண்டியைக் கண்டால் தள்ளாமல் போகவும் மாட்டார்கள். இன்றுவரை எனக்குப் புரியாத விஷயம் இது.

"பிரேக்க எடும்மா!" என்று ஒருவர் டிக்கியைத் தட்டினார். அந்த அதட்டலில் இவள் காலை எடுத்துவிட்டாள். நான் ஜன்னலை இறக்கி, "என்ஜின் ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்று கத்துவதற்குள், கார் சரியாக வெள்ளைப் பட்டைகளின் மேல் போய் நின்றது.

"மாமா, ஜீப்ரா மேல நிக்கக் கூடாது! முன்னாடி ஜாமா இருந்தா கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுடணும்னு அதே ஒழுங்குமுறையில இருக்கு!"

"அதைத் தள்ளுறவங்ககிட்ட சொல்லு."

இதற்குள் பாட்டி, எங்கள் காரைக் கேடயமாக வைத்துக்கொண்டு, பின்பக்கமாகப் புகுந்துவிட்டார். வலது உள்ளங்கையை நீட்டி, வந்த பஸ்ஸை அப்படியே நிறுத்தினார். பஸ் முனகிக்கொண்டு நின்றது. சட்டத்தில் இல்லாத அந்தக் கைக்கு இருக்கும் மரியாதை எந்தப் பெயிண்டுக்கும் இல்லை.

அப்புறம் டிராஃபிக் போலீஸ்காரர் வந்தார். "ஏம்மா, கோட்டு மேலயா கொண்டுவந்து நிறுத்துவ? எல்.எல்.ஆர்.ல இதெல்லாம் கேக்கலையா?"

இவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதியவளாயிற்றே. அவள் வாயைத் திறப்பதற்குள், எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்த பாட்டி அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "வுடுங்க சார், பாவம் பச்சப்புள்ள. வண்டி ரிப்பேரு!"

போலீஸ்காரரின் முகம் இளகியது. அவர் குனிந்து, ஏசியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"ஊரே தள்ளுது, நீங்க சொகுசா உக்காந்திருக்கீங்க. எறங்கித் தள்ளக் கூடாதா?"

"மாமா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஃபைன் போடறதுக்குள்ள எறங்குங்க."

இறங்கினேன். நேற்றுதான் சர்வீஸிலிருந்து வந்த வண்டியை, டீக்கடைக்காரர்களோடு சேர்ந்து, ஓரம் வரைக்கும் தள்ளினேன்.