ராம் ஸ்லாட்டில் ஒளிந்திருந்த கிராபிக்ஸ் வேகம்

என் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இன்டெல் கோர் ஐ5-1135ஜி7 பிராசஸர், 8 ஜிபி ராம், அவ்வளவுதான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஓர் அறையின் மாடலைச் சுழற்றிப் பார்த்தால் தத்தித் தத்தித்தான் நகரும். கேமில் கொஞ்சம் கூட்டமான இடம் வந்தால் பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 25-க்குக் கீழே போய்விடும். புது லேப்டாப் வாங்கும் நிலைமை இல்லாததால், இருப்பதையே எவ்வளவு தூரம் தேற்ற முடியும் என்று இறங்கினேன்.

கார்டை மாற்றுவது நடக்காது. பெரும்பாலான லேப்டாப்களில் கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். என்னுடையதில் அது பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. தண்டர்போல்ட் என்ற அதிவேக போர்ட் வழியாக வெளியே ஒரு கார்டை இணைக்கலாம் என்றால், அந்த போர்ட் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் யோசித்திருப்பேன். டெஸ்க்டாப்பில் கார்டுக்கு டேட்டா போய்வர 16 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் (பாதைகள்) கிடைக்கும், தண்டர்போல்ட் 3-இல் 4 தான்.

அப்புறம் விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. இந்த பிராசஸருக்கு ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்றுதான் இன்டெல் பக்கத்தில் இருக்கிறது. என் லேப்டாப்போ வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் என்று காட்டியது. பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். பெயர் மாறவில்லை.

தேடிப் படித்ததில் காரணம் கிடைத்தது: ராம். மெமரி டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில், ஓடினால்தான் இந்த சிப்புக்கு ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே வரும். பெயரோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. தனி கார்டுக்குச் சொந்தமாக மெமரி உண்டு. பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் நம் ராமிலிருந்துதான் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், அதுவும் பிராசஸரோடு பங்கு போட்டுக்கொண்டு. டிடிஆர்4-3200 ராம் ஒரே சேனலில் ஓடும்போது நொடிக்கு 25.6 ஜிபி வரைதான் அனுப்ப முடியும். இரண்டு சேனல் என்றால் 51.2 ஜிபி. இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய் என்றால் தண்ணீர் எப்படி வரும்? என் சிப்பின் நிலைமை அதுதான்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று தெரியும். எனக்கு இரண்டில் ஒன்று காலி. வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் பாருங்கள். எல்பிடிடிஆர் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை) ராம் என்றால் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும், சேர்க்க வழியில்லை. ஏற்கெனவே இருந்தது போலவே 8 ஜிபி, டிடிஆர்4, 3200 வேகம் என்று பார்த்து வாங்கினேன். வேகம் குறைந்ததைப் போட்டால் இரண்டும் அந்தக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். அளவு சமமாக இருந்தால் முழு மெமரியும் டூயல் சேனலில் வரும்.

பொருத்துவது சுலபம். சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிட வேண்டும். ராமைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் இரு பக்கக் கிளிப்பும் டக்கென்று பிடித்துக்கொள்ளும். மூடிவிட்டு ஆன் செய்தபோது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். புது ராமை அடையாளம் கண்டு சரிபார்க்க லேப்டாப் அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

விண்டோஸ் வந்ததும் நேராக டிவைஸ் மேனேஜருக்குத்தான் போனேன். ஐரிஸ் எக்ஸ்இ! முன்பு தடுமாறிய அதே இடத்தில் கேம் இப்போது 35-க்கு மேல் ஓடியது. பிளெண்டரில் மாடல் கையோடு சேர்ந்து சுழன்றது. செட்டிங்கில் வேறு எதையும் நான் தொடவில்லை.

ஆனால் கொஞ்ச நேரம் விளையாடினால் வேகம் மெல்ல இறங்கியது. வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் வெப்பம் 95 டிகிரியைத் தொட்டிருந்தது. பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்துத்தான் மின்சார வரம்பு, அதனால் சூடேறினால் இரண்டுமே படுத்துவிடும். ஃபேனில் அடைந்திருந்த தூசியை எடுத்து, சிப்பின் சூட்டை வெளியே கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்த பிறகு அந்த இறக்கம் நின்றது. பவர் மோடை அதிகபட்ச செயல்திறனுக்கு மாற்றியது சின்ன உதவிதான்.

இன்னும் வேண்டுமென்றால் கேமில் எஃப்எஸ்ஆர் அல்லது எக்ஸ்இஎஸ்எஸ் இருக்கிறதா பாருங்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் முறை இது. தூரத்து எழுத்துகள் கொஞ்சம் மங்கும், எனக்கு அது பரவாயில்லை. பிளெண்டரில் சைக்கிள்ஸ் ரெண்டர் (மாடலை இறுதிப் படமாக உருவாக்கும் வேலை) மட்டும் இன்னும் மெதுவாகத்தான் முடிகிறது. அதற்குத் தனி கார்டு உள்ள மெஷின்தான் வேண்டும்.